மூன்றாவது எட்வர்ட்

டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் அக்கா பேசமாட்டாள். ஆட்டோவில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்வாள். சத்துவாச்சாரியில் வீட்டு வாசலில் வண்டி நின்றபிறகுதான் திறப்பாள். மோசஸும் பேச்சுக் கொடுப்பதில்லை. எழுபத்துமூன்று வயது அக்காவும் அறுபத்தாறு வயது தம்பியும் மட்டும் இருக்கிற வீட்டில் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. போகிறது, அவ்வளவுதான். மோசஸின் மனைவி இறந்து ஏழு வருடமாகிவிட்டது. மகன் ரோஹன் ஷார்ஜாவில் இருக்கிறான். கேத்தரின் அக்கா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, குழந்தைகள் வார்டில் ஓய்வுபெற்றவள்.

அன்று மட்டும் ஆட்டோ பாதி வழியில் இருக்கும்போதே, கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"கமிட்டிக்கு எழுதிக் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்லக்கா. பழைய ரெஜிஸ்டர் நகல் வேணுமாம்."

"சீக்கிரம் வாங்கு. நான் ரொம்ப நாள் இழுக்கமாட்டேன்."

"டாக்டர் அப்படிச் சொல்லலையே."

"டாக்டர் உனக்குச் சொல்றாரு. ரிப்போர்ட்டை நான் படிக்கிறேன்."

ஆட்டோ சத்துவாச்சாரிப் பக்கம் திரும்பியது.

அவள் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான். வாழ்நாளில் தம்பியிடம் அவள் கேட்டதே குறைவு. வேலூர் பழைய கல்லறைத் தோட்டத்தில், வேப்பமரத்தை ஒட்டி, அவர்கள் குடும்பத்துக்கு ஒரு கல்லறை இருக்கிறது. தன்னை அதில் வைக்கவேண்டும் என்றாள். அப்பா, அம்மா, தாத்தா எல்லோரும் ஆம்பூரில் ஒரே குடும்பக் குழியில் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குழிக்குள் போன வருடம் பெரியண்ணன் போய்விட்டான். ஒருமுறை திறந்த குழியைப் பதினான்கு வருடத்துக்குத் திறக்கக்கூடாது என்பது விதி. மிச்சம் இருப்பது வேலூர்க் கல்லறை ஒன்றுதான்.

அதற்கும் இப்போது கெடு வைத்துவிட்டார்கள். பழைய தோட்டத்தில் இடமில்லை. கல்லறைத் தோட்டக் கமிட்டி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு வாசித்தது. கல்லறைக்கு உரிமை கோருகிறவர்கள் இறந்தவருக்குத் தங்களுடைய உறவு என்ன என்று எழுதி, ஆதாரத்தோடு மாதக் கடைசிக்குள் கொடுக்கவேண்டும். கொடுத்தவர்கள் அதே குழியைத் திறந்து தங்கள் ஆளை வைத்துக்கொள்ளலாம். யாரும் கேட்காத கல்லறைகளைக் கமிட்டி எடுத்து, காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒதுக்கும். காத்திருப்போர் பட்டியல் நீளமானது. அதில் இல்லாதவர்களுக்குப் பைபாஸ் ரோட்டைத் தாண்டி வாங்கிப் போட்டிருக்கும் புது இடம்.

"புது இடத்துல யாரைத் தெரியும் எனக்கு?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள். அவள் கேட்டதற்குக் காரணம் அதுமட்டும் அல்ல என்பது மோசஸுக்குத் தெரியும். அது பெயர் சம்பந்தப்பட்டது.

அவர்கள் குடும்பப் பெயர் ஹாலோவெல். தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பேருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சரி. இவர்களுக்கோ வாயில் நுழையாத வெள்ளைக்காரப் பெயர். தபால்காரர் ஆலவேல் என்பார். புதிதாக வந்த கேஸ் ஏஜென்சிப் பையன் அந்தப் பெயரைப் பார்த்து, ஆங்கிலோ இந்தியரா சார் என்று மோசஸின் கறுத்த முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தான். குடும்பத்தில் பிறந்த பெண்கள் எல்லோரும் கல்யாணமானதும் புருஷன் பெயரை ஒட்டிக்கொண்டார்கள். அக்கா ஒருத்திதான் இன்றுவரை அப்படியே இருக்கிறாள். வார்டில் அவள் பெயரே சிஸ்டர் ஹாலோவெல்.

"நம்ம வீட்டுப் பொண்ணுங்கள்ல இந்தப் பேரைக் கடைசி வரைக்கும் தூக்கினு போறவ நான்தான். அந்தப் பேர் எங்க எழுதியிருக்கோ அங்கயே என்னை வச்சிரு" என்றாள்.

வேப்பமரத்தடிக் கல்லறையில் எழுதியிருப்பது: எட்வர்ட் ஹாலோவெல், வயது 9, 1908.

அதன் கதை குடும்பத்தில் குஞ்சு குளுவான் வரை தெரியும். ஹாலோவெல் என்ற மிஷனரி பாதிரியார் அனாதைகளான இரண்டு அண்ணன் தம்பிகளை எடுத்து, பெற்ற பிள்ளைகளைப்போல வளர்த்து, தன் பெயரையே கொடுத்தார். அண்ணன் எட்வர்ட் ஒன்பது வயதில் காலராவில் போய்விட்டான். அவன் நினைவாகத் தம்பிக்கும் எட்வர்ட் என்றே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்தத் தம்பிதான் மோசஸின் தாத்தா, பின்னாளில் ஆஸ்பத்திரி கம்பவுண்டர்.

கதைக்கு அத்தாட்சியும் இருக்கிறது. மோசஸ் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கடிதம் தொங்குகிறது. ஹாலோவெல் பாதிரியாரின் மனைவி அமெரிக்காவுக்குப் போனபின் தாத்தாவுக்கு எழுதியது என்பார்கள். மங்கிய ஆங்கிலம். "அன்புள்ள எட்வர்ட், உன் கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து ஏன் இப்படி மாறிப்போனது? மிகவும் சின்னப் பிள்ளை எழுதியதுபோல் இருக்கிறது. உனக்கு உடம்பு சரியில்லையா?" கிறிஸ்துமஸ் அன்று யாராவது இதை வாசிப்பார்கள். அண்ணன் செத்த துக்கத்தில் தாத்தாவுக்கு எழுத வராமல் கை நடுங்கியது என்று அத்தைகள் விளக்கம் சொல்லி மூக்கைச் சிந்துவார்கள்.

இந்தக் கதையை மோசஸ் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆச்சரியம் என்னவென்றால், மற்றவர்களின் பெயர்க்கதைகளை நோண்டிப்பார்ப்பதே அவருக்கு வேலை. ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் கப்பல் சரக்குக்கான தஸ்தாவேஜுகள் தயாரித்தவர். யாரைப் பார்த்தாலும் உங்கள் வீட்டுப் பெயர் எப்படி வந்தது, உங்கள் தெருவுக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்பார். அரக்கோணத்தை ஆறு கோணம் என்பார்கள். ஆலங்காயத்துக்கு ஆலமரத்தில் ஆரம்பித்து ஆலகால விஷம் வரை போவார்கள். சத்துவாச்சாரிக்குத் தெருவுக்கு ஒரு கதை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கேக்க நல்லா இருந்தா அது பின்னால கட்டினதுதான்" என்பார். உண்மையான காரணம் பெரும்பாலும் சப்பென்று இருக்கும், யாரோ ஒரு குமாஸ்தா அவசரத்தில் எழுதியதாக இருக்கும் என்பது அவர் கண்ட முடிவு.

இந்தப் பைத்தியத்தால் ஒரு நட்பே போகப் பார்த்தது. கம்பெனியில் பக்கத்து மேஜை நிசார் அஹமது. அவர் குடும்பத்துக்கு ஆம்பூரில் கடுக்காய் வீடு என்று பெயர். அந்தக் காலத்தில் தோல் பதனிடக் கடுக்காய்தான் முக்கியம். நிசாரின் கொள்ளுத்தாத்தா ஒரு கடுக்காயைக் கடித்துப் பார்த்தே அது எந்தக் காட்டுக் கடுக்காய் என்று சொல்லிவிடுவாராம். மோசஸ் எங்கோ ஒரு பழைய வழக்குக் காகிதத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். கொள்ளுத்தாத்தா பூச்சி அரித்த கடுக்காயை ஒரு வண்டி அனுப்பி, பட்டறையில் ஊறிய தோல் அத்தனையும் பாழாகி, அதற்குப்பிறகு ஊர் அவரைக் கடுக்காய் என்று கேலி பேசியிருக்கிறது. நிசார் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவர், தன் தாத்தாவின் கதையை ஒரு காகிதம்கூடப் புரட்டிப் பார்க்காமல் அறுபது வருடம் வைத்திருந்தார்.

மிஷன் அலுவலகத்தின் பதிவேட்டு அறை மாடியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிற பொன்மலருக்கு நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். முகக்கவசம் ஒன்றை நீட்டினாள்.

"போட்டுக்குங்க அங்கிள். தூசி ஜாஸ்தி. போன வாரம் ஒருத்தர் தும்மித் தும்மி ஓடியே போய்ட்டாரு."

துணியில் சுற்றிய அடக்கப் பதிவேட்டை எடுத்து 1908-ஐப் பிரித்தாள். சாய்ந்த கையெழுத்து. விரலை ஓட்டிக்கொண்டே போய் ஜூலையில் நிறுத்தினாள்.

"எட்வர்ட் ஹாலோவெல். போர்டிங் மாணவன். வயசு ஒம்போது. காலரா. இதானே?"

"இதேதான்மா. ஒரு நகல் குடுத்துட்டா போதும்."

"உறவு காட்டணும்னீங்களே அங்கிள்." அவள் விரல் நகர்ந்தது. "உறவினர்ங்கிற எடத்துல ஒருத்தரும் இல்லைன்னு போட்டிருக்கு."

"இருக்காதே. தம்பி கூடவே இருந்தார். எங்க தாத்தா."

"அப்ப போர்டிங் அட்மிஷன் ரெஜிஸ்டரைப் பாத்துரலாம். ரெண்டு பேரும் ஒண்ணா சேந்திருந்தா அதுல இருக்கும்."

அந்தப் பதிவேடு வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண், ஒவ்வோர் எண்ணுக்கும் அக்கரையில் ஓர் ஆதரவாளர். பக்கம் இருபத்தேழின் தலைப்பில், திருமதி எட்வர்ட் ஹாலோவெல் என்றும், காலமான தன் கணவர் நினைவாக என்றும் எழுதி ஓர் அமெரிக்க ஊரின் பெயர் போட்டிருந்தது. அதன்கீழே மூன்று வரிகள்.

முதல் வரி. பழைய பெயர் பச்சையப்பன். அரக்கோணம் ரயில் நிலையத்தில் தனியாக இருந்தவன். 1905-ல் சேர்ந்தான். புதுப் பெயர் எட்வர்ட் ஹாலோவெல். 1908 ஜூலையில் மரணம். பெயர் தொடர்கிறது.

இரண்டாவது வரி. பழைய பெயர் துரைக்கண்ணு. 1908 செப்டம்பரில் சேர்ந்தான். புதுப் பெயர் எட்வர்ட் ஹாலோவெல். அதே வருடம் நவம்பரில் ஜுரத்தில் மரணம். பெயர் தொடர்கிறது.

மூன்றாவது வரி. பழைய பெயருக்கான இடம் காலி. ஆலங்காயம் பக்கம். தோல் பட்டறைக் கூலியின் பிள்ளை. தாய் தகப்பன் இல்லை. வயது ஆறு இருக்கலாம். 1909 ஜனவரியில் சேர்ந்தான். புதுப் பெயர் எட்வர்ட் ஹாலோவெல்.

மோசஸ் மூன்று வரிகளையும் இரண்டு முறை படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"பாதிரியார் யாரும் இல்லையா?" என்றார்.

"ஹாலோவெல்னு இங்க ஒரு பாதிரியாரும் இருந்ததில்ல அங்கிள். நான் பதினாறு வருஷமா இந்த ரெஜிஸ்டரோடதான் குடித்தனம் பண்றேன்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தக் காலத்து வழக்கம் இது. அங்கேருந்து உதவி பண்றவங்க ஒரு பேரைச் சொல்லுவாங்க. காலமான புருஷன் பேரு, செத்துப்போன மகன் பேரு. அந்தப் பேரை இங்க ஒரு புள்ளைக்கு வைப்பாங்க. புள்ளை போய்ட்டா, பேரு அடுத்த புள்ளைக்கு."

"அந்தம்மாவுக்குச் சொல்லமாட்டாங்களா?"

"சில பேருக்கு எழுதியிருக்காங்க. சில பேருக்கு எழுதல. செத்துப்போச்சுன்னு எழுதினா அந்தம்மா மனசு ஒடஞ்சு, அடுத்த வருஷம் உதவி நின்னுடுமோன்னு ஒரு பயம். இங்க சோத்துக்கு வழியில்லாம வாசல்ல நிக்கிற புள்ளைங்க எத்தனையோ." பக்கத்தின்மேல் படிந்த தூசியைத் துடைத்தாள். "இதைப் பாத்துட்டு அழுதவங்க இருக்காங்க. என்கிட்ட சண்டை போட்டவங்களும் இருக்காங்க. நீங்க ஒக்காருங்க அங்கிள், தண்ணி கொண்டாரேன்."

மோசஸ் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. கூடத்துச் சுவரில் தொங்கும் கடிதத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். உன் கையெழுத்து ஏன் இப்படி மாறிப்போனது? எங்கோ ஒரு வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த அம்மாள் பழைய கடிதத்தையும் புதுக் கடிதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். மூன்று வருடமாகப் படித்து எழுதிப் பழகியவனின் எழுத்தை, நேற்று சிலேட்டைத் தொட்ட பிள்ளையின் எழுத்தோடு. அவளுக்கு ஏதோ தட்டியிருக்கிறது. உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறாள். தாத்தா அதற்கு என்ன பதில் எழுதினார் என்பது யாருக்கும் தெரியாது.

இரண்டு பதிவேடுகளின் நகலையும் வாங்கிக்கொண்டு வந்தார். அடக்கப் பதிவேட்டின் நகலைச் சட்டைப்பையிலும், மற்றதை நான்காக மடித்துப் பைக்குள்ளும் வைத்தார். அப்படிப் பிரித்து வைத்தது ஏன் என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

அக்காவிடம் மூன்று நாள் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்கு ஏதோ தெரிந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, உப்பில்லாத ரசத்தை அவளும், உப்புப் போட்ட ரசத்தை அவரும் சாப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை, அக்கா டயாலிசிஸுக்கு உள்ளே போனபிறகு, வெளியே டீக்கடையில் நிசார் அஹமது வந்து தோளில் கைபோட்டார். மனைவி சுகரா பேகத்துக்குக் கண் காட்ட ஆம்பூரிலிருந்து வந்திருந்தார்.

"இன்னா தோஸ்த், பத்து நாள் பட்டினி கெடந்தவன் மாதிரி கீற?"

மோசஸ் விஷயத்தைச் சொன்னார். நிசார் டீயை ஊதிக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. முடிந்ததும் மெதுவாகச் சிரித்தார்.

"அல்லா இருக்கான். கடுக்காய்க்குப் பழி வாங்கிட்டான்."

"அப்ப உனக்கு எப்படி இருந்துச்சு நிசார்? நான் அந்தக் காகிதத்தைக் காட்டினப்ப?"

"பேஜாரா இருந்துச்சு. உன்னைக் கொல்லலாம்னு இருந்துச்சு. அப்புறம் போய்டுச்சு. எங்க வீட்ல இன்னிக்கும் பழைய கதையைத்தான் சொல்றோம். நீ சொன்னது நிஜம்தான். ஆனா அந்த நிஜத்தைச் சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்?"

"இது கல்யாணப் பேச்சு இல்லையே. கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"போடு. நாம இன்னா பண்ணினு இருந்தோம் முப்பத்தஞ்சு வருஷம்? தோல் எந்த தேசத்து மாட்டோடதா இருந்தா இன்னா, இங்க பதம் பண்ணி முடிச்சா பிறப்பிடம் இந்தியான்னு சர்டிபிகேட்ல அடிச்சோம். அது சட்டம். உங்க தாத்தாவையும் இங்கதானே பதம் பண்ணாங்க?"

"தாத்தாவைப் பத்தி இல்ல நிசார். குழியில இருக்கிறது வேற புள்ளை. அவனை எங்க தாத்தாவோட அண்ணன்னு எழுதி, அவன் எடத்தை எடுத்துக்கணும்."

நிசார் சிரிப்பதை நிறுத்தினார். "எழுதலன்னா?"

"வாரிசு இல்லாத குழின்னு கமிட்டி எடுத்துக்கும். வேற யாருக்காச்சும் குடுத்துடும்."

"அப்ப நீ நிஜத்தைச் சொன்னாலும் அந்தப் புள்ளைக்கு எடம் போச்சு. பொய் சொன்னாலும் போச்சு."

"ஆமா."

நிசார் கிளாஸைக் கீழே வைத்தார். "அக்காகிட்ட சொல்லிடு. உன்னைவிட அவங்களுக்கு நெஞ்சு கெட்டி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் சொன்னார். அக்கா மாத்திரைகளைக் கிழமை போட்ட டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மடித்த நகலைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். பழைய ஆங்கிலக் கையெழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, எத்தனை டாக்டர்களின் கிறுக்கலைப் படித்தவள். மூன்று வரிகளையும் படிக்க அவளுக்குக் கொஞ்ச நேரமே ஆனது. படித்தபிறகுதான் நேரமாயிற்று. மாத்திரை டப்பாவின் மூடிகளை ஒவ்வொன்றாக மூடினாள். எதிர்வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. தெருவில் ஷூ கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்து, வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"காலராவா?" என்றாள்.

"ஆமாக்கா."

"உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணி குடுத்துனே இருந்திருந்தா பொழைச்சிருப்பான். அப்ப யாருக்கும் தெரியாது." கொஞ்சம் பொறுத்து, "ரெண்டாவது புள்ளையை எங்க வச்சாங்களாம்?"

"எழுதல."

"இவன் பேரு பச்சையப்பன்."

"ஆமா."

"பச்சையப்பன்" என்று அவள் இன்னொரு முறை, பெயரைக் கூப்பிட்டு வரவைப்பதுபோல் அல்ல, கேஸ் ஷீட்டில் சரிபார்ப்பதுபோல் சொன்னாள். "தாத்தா பேரு மட்டும் இல்ல."

"அந்த எடம் காலி."

அக்கா அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். மோசஸ் காத்திருந்தார்.

"தாத்தா செத்தப்ப எனக்குப் பதினாலு வயசு" என்றாள் அக்கா. "உனக்கு ஞாபகம் இருக்காது. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் ஆம்பூர்லேருந்து என்னைக் கூட்டினு ரயில்ல வருவாரு. சுண்ணாம்பு வாளி, மட்டை எல்லாம் அவரே எடுத்துனு வருவாரு. அந்தக் கல்லறைக்கு வேற யாரையும் வெள்ளையடிக்க வுடமாட்டாரு. யாரு தாத்தா இதுன்னு ஒருதடவை கேட்டேன். நம்மாளுன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. அண்ணன்னு அவர் சொல்லவே இல்ல. அண்ணன்னு சொன்னது அத்தைங்க."

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியாம இருக்குமா? ஆறு வயசுன்னா எல்லாம் தெரியும். வார்டுல பாத்திருக்கேனே." அவள் நகலை மடித்தாள். "அந்தக் குழியைத் தொறந்தா உள்ள இருக்கிறதை இன்னா பண்ணுவாங்க?"

"ஒரு துணியில கட்டி, ஓரமா வச்சு, மேல நம்ம பெட்டியை எறக்குவாங்க."

"வார்டுல ஒரு பெட்டுல காலைல ஒரு புள்ள செத்தா, சாயந்தரமே அதே பெட்டுல வேற புள்ளையைப் போடணும். வெளிய வராந்தால காத்துனு இருக்கும். ஷீட்டை மாத்திட்டு நானே போட்டிருக்கேன். முப்பத்தாறு வருஷத்துல எத்தனைன்னு தெரியாது. புதுசா வந்த புள்ளையோட அம்மாகிட்ட நாங்க சொல்லமாட்டோம். வேற வழியில்ல, அதனால செஞ்சோம்." அவள் தம்பியை நேராகப் பார்த்தாள். "இவன் பேரை எடுத்து நமக்குக் குடுத்தாங்க. அதுவும் வேற வழியில்லாம செஞ்சதுதான். எடத்தையும் எடுத்துக்கணுமா? எனக்கு வேற எடமா இல்ல?"

"அப்ப கமிட்டி எடுத்துக்கும்கா. ரெஜிஸ்டர்ல ஒருத்தரும் இல்லைன்னு இருக்கு."

"நம்மாளுன்னு எழுதிக் குடு. தொறக்க வேணாம்னும் எழுது."

"உறவு இன்னான்னு கேப்பாங்க."

"அண்ணன்னு எழுது. அத்தைங்க சொன்ன பொய் எதுக்காச்சும் ஒதவட்டும்."

"உன்னை…"

"புது எடத்துல வை."

"அது வெறும் பாறைக்கா. ஒரு மரம் இல்ல. அடிக்கிற வெயில்ல…"

"வெயில்ல நிக்கப்போறது நீதான். தொப்பி போட்டுனு வா" என்று சொல்லிவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, படுக்கப் போனாள்.

கமிட்டிச் செயலாளர் ரெனால்ட் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். கோயிலின் பின்புறம் ஒரு சின்ன அறையில் திங்கள், வெள்ளிகளில் உட்காருவார். எதையும் இரண்டு முறை படிக்கிற பழக்கம் அவருக்கு. மோசஸ் படிவத்தை நிரப்பினார். தன் கம்பெனியின் தஸ்தாவேஜுகளில் முப்பத்தைந்து வருடத்தில் ஒரு பொய்யும் தெரிந்து எழுதியதில்லை என்ற எண்ணம் அவருக்கு உண்டு. உறவு என்ற கட்டத்தில், தாத்தாவின் அண்ணன் என்று எழுதினார். பேனா நிற்கவில்லை. அது அவருக்கே வியப்பாக இருந்தது.

ரெனால்ட் படிவத்தையும் அடக்கப் பதிவேட்டு நகலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உறவினர் ஒருத்தரும் இல்லைன்னு இருக்கே மோசஸ்."

"தம்பிக்கு அப்ப அஞ்சாறு வயசு சார். அந்த வயசுப் புள்ளையை உறவினர்னு யார் எழுதப்போறாங்க?"

ரெனால்ட் யோசித்தார். மோசஸின் முகத்தைப் பார்த்தார். ஹாலோவெல் குடும்பம் வருடா வருடம் சுண்ணாம்பு வாளியோடு வருவதை அவரும் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்தான்.

"சரிதான். வேற யாரு வந்து பாத்தாங்க இத்தனை வருஷம்? நீங்கதானே." கையெழுத்துப் போட்டார். "சிஸ்டருக்காகத்தானே? குழி திறக்க அனுமதின்னு போட்டுடறேன்."

"வேணாம் சார். பராமரிப்பு மட்டும் போதும். எங்க காலத்துக்கு அப்புறமும் திறக்கக்கூடாதுன்னு எழுத முடியுமா?"

ரெனால்ட் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டார். "மனுஷங்க இந்தக் குழிக்காக என்கிட்ட சிபாரிசு புடிச்சுனு வர்றாங்க. நீங்க கையில வச்சுனு வேணாம்ங்கிறீங்க. ஏன்?"

மோசஸ் படிவத்தை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்த ரெனால்ட், இதற்குமேல் கேட்டுப் பயனில்லை என்று புரிந்துகொண்டார்.

"குடும்பம் இருக்கிற வரைக்கும் திறக்கறதில்லன்னு எழுதலாம். அதுக்கு மேல கமிட்டி இஷ்டம்."

"அவ்வளவு போதும்."

"கல்லுல ஏதாச்சும் சேக்கணுமா? பேரு, வசனம்? பழசாகிப் போச்சு, எழுத்து மங்கி இருக்கு. இப்ப எழுதிக் குடுத்தா கமிட்டிலயே ஒண்ணா பாஸ் பண்ணிடலாம்."

மோசஸின் கை பைக்குள் இருந்த இன்னொரு நகலின்மேல் போயிற்று. ஒரு பெயரைச் சேர்க்கவேண்டும். அரக்கோணம் ரயில் நிலையத்தில் யாரும் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது அவனுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். ஆனால் அந்தப் பெயரை எழுதச்சொன்னால் ரெனால்ட் ஆதாரம் கேட்பார். ஆதாரத்தைக் காட்டினால் உறவு போய்விடும். உறவு போனால் குழி போய்விடும். அவன் அங்கேயே படுத்திருக்கவேண்டுமென்றால், யாரோ ஒரு அம்மாளின் செத்துப்போன புருஷன் பெயரோடுதான் படுத்திருக்கவேண்டும். கை பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"வேணாம் சார்" என்றார். "இருக்கிற பேரையே மங்காம தீட்டிடறோம்."

ரெனால்ட் அந்தக் காகிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வேறொரு பெரிய காகிதத்தை மேஜையில் விரித்தார். புது இடத்தின் வரைபடம். கோடு கோடாக வரிசைகள், கட்டம் கட்டமாக எண்கள். முன்கூட்டியே பதிவு செய்துவைப்பது நல்லது, அப்புறம் அவசரத்தில் கிடைத்த இடத்தில் வைக்கவேண்டிவரும் என்றார். ரோட்டுப் பக்கமா, மலைப் பக்கமா என்று கேட்டார். மோசஸுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு போன் செய்தார்.

வெகுநேரம் மணி அடித்தபிறகு அக்கா எடுத்தாள். குரல் தூரத்திலிருந்து வந்தது.

"பையன் எடம் இன்னாச்சு?"

"எழுதிட்டாங்க. தொறக்கமாட்டாங்க."

"சரி."

"உனக்கு ரோட்டுப் பக்கமா, மலைப் பக்கமான்னு கேக்கறாரு."

"மலைப் பக்கம். ரோட்டுல லாரி சத்தம் தாங்காது."

மோசஸ் வரைபடத்தில் மலைப் பக்கத்தைக் கையால் காட்ட, ரெனால்ட் கட்டத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். அடுத்த வரிக்கு வந்து, பெயர் என்ற இடத்தில் கேத்தரின் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். மோசஸ் அந்தப் பென்சிலின் நுனியைப் பார்த்தார். இத்தனைக்கும் பிறகு அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல், கேட்டார்.

"கல்லுக்குப் பேரு கேக்கறாரு அக்கா. கேத்தரின்னு மட்டும் போடச் சொல்லட்டுமா?"

ரெனால்ட் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போன் கட்டாகிவிட்டதோ என்று மோசஸ் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

"முழுப் பேரையும் போடச் சொல்லு" என்றாள் அக்கா. "எழுவது வருஷம் அதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டாங்க. இப்ப போய் யார்கிட்ட திருப்பிக் குடுக்கறது?"

போனை வைத்துவிட்டாள்.

"சிஸ்டர் என்ன சொன்னாங்க?" என்றார் ரெனால்ட்.

"முழுப் பேரையும் எழுதிக்குங்க சார்" என்றார் மோசஸ்.